வாடகைக்கு இருந்த கடைத்தெரு

ஜொகூர் பாரு நகரின் பழைய பகுதியில் தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடப்பவர், அந்நகரின் வரலாற்றில் பாதியைப் படித்துவிட்டவராவார். ஜாலான் இப்ராகிம் அரசரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜாலான் தான் ஹியோக் நீ, மிளகும் கேம்பியரும் பயிரிட்டு ஜொகூரைச் செல்வமாக்கிய காலத்துச் சீனத் தலைவர் ஒருவரை நினைவூட்டுகிறது. ஜாலான் வோங் ஆ ஃபூக், இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டிமுடித்த குத்தகைக்காரரின் பெயரால் வழங்குகிறது. இவற்றுக்கு நடுவே ஜாலான் டோபி என்றொரு சிறிய தெரு உண்டு. அது எவருடைய பெயரையும் தாங்கவில்லை. துணி வெளுக்கும் தொழிலை மட்டுமே தாங்கி நிற்கிறது. அரசருக்குப் பெயர் உண்டு. வணிகருக்குப் பெயர் உண்டு. அவர்தம் சட்டையை வெளுத்துக் கொடுத்தவருக்குத் தொழில்தான் பெயராயிற்று.

இந்நகரின் நடுவிடத்தில் கடை வைத்துப் பிழைத்த இந்தியர்களின், குறிப்பாகத் தமிழர்களின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. அவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. யார் யார் இருந்தார்கள் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. அதற்குக் காரணம் அவர்களுடைய எண்ணிக்கை சிறிது என்பதன்று. அவர்கள் தெருவில் வாழ்ந்தார்களே தவிரத் தெரு அவர்களுடையதாக இருக்கவில்லை.

1855-ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் தஞ்சோங் புத்ரி என்னும் கடலோரச் சிற்றூரைத் தம் நிருவாக மையமாக்கினார். அவர் மகன் அபு பாக்கார் 1866-இல் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். அப்போது அது நீரிணையைப் பார்த்து அமைந்த ஒரு துறைமுக ஊர். செகெட் ஆற்றின் வாயில் படகுகள் வந்து நிற்கும்; ஆற்றின் இருகரையிலும் கடைகள் எழுந்தன. தமிழர்கள் பெருந்தொகையினராக வந்தது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இரப்பர்த் தோட்டங்கள் காட்டை விழுங்கி வளர்ந்தன. 1909-இல் இருப்புப்பாதை ஜொகூர் பாருவை எட்டியது. நிலையமும் அவ்வாண்டில் எழுந்தது. தண்டவாளம் பதித்தோரும் சாலை போட்டோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர். இரயில்வே அலுவலகங்களில் அமர்ந்து எழுதியோரில் யாழ்ப்பாணத் தமிழர் பலர். 1923-இல் கடற்பாலத்தின் வழியாக முதல் இரயில்கள் சென்றன. 1924 ஜூனில் அப்பாலம் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. அன்று முதல் ஜொகூர் பாரு, கடலைப் பார்த்த ஊர் என்ற நிலை மாறிப் பாலத்தைப் பார்த்த ஊராயிற்று. இதனை நினைவில் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த பலவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

ஜாலான் உங்கு புவானில் உள்ள அருள்மிகு இராஜமாரியம்மன் தேவஸ்தானம் 1911-இல் தோன்றியது. அதற்குரிய நிலத்தை அப்போதைய சுல்தான் இப்ராகிம் வழங்கினார். கோயில் எங்கே அமைகிறதோ அங்கே பூக்கடை வரும். பூக்கடை வந்தால் தேங்காய், கற்பூரம், பித்தளைச் சாமான் விற்கும் கடை வரும். வந்தவர் பசியாற உணவுக்கடை வரும். அவர் காத்திருக்கும் நேரத்தில் முடிதிருத்திக்கொள்ள ஒரு கடை வரும். அம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இவ்வாறுதான் இந்தியர் கடைத்தெரு உருவாயிற்று. மளிகைக்கடை, சேலைக்கடை, நகைக்கடை, மசாலை அரைக்கும் மில், நாளேடு விற்கும் பெட்டிக்கடை ஆகியன அடுத்தடுத்து அமைந்தன. தமிழ் முஸ்லிம்கள் உணவுக்கடையும் ரொட்டிக்கடையும் வைத்தனர். ஜாலான் டோபியில் 1937-இல் தொடங்கிய சலாவுதீன் ரொட்டிக்கடையின் பெயர் அத்தெருவின் வரலாற்றில் இன்றளவும் பேசப்படுகிறது.

இக்கடைகளின் முதல் வாடிக்கையாளர் யார்? நகரத்து மக்கள் என்று விடை கூறுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. தெப்ராவ், ஸ்கூடாய், மாசாய் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களே இத்தெருவின் அடித்தளம். தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. சம்பள ஞாயிறன்று குடும்பமாகப் பேருந்தேறி நகருக்கு வருவார்கள். பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை, தீபாவளிக்குச் சேலை, ஊருக்குப் பணம் அனுப்பக் கடிதம் எழுதித் தருவார் ஒருவர், எல்லாம் அந்த ஒரே தெருவில் முடியும். கையில் பணம் இல்லாதவருக்குக் கடைக்காரர் கணக்கு வைத்துக் கொடுப்பார். அட்டையில் ‘555’ என்று அச்சிட்ட சிறு குறிப்பேடு அந்தக் கணக்கின் ஆவணம். கையொப்பம் இல்லை, சாட்சி இல்லை, நம்பிக்கை ஒன்றே பிணை. தமிழாசிரியர் பலரும் அந்தக் குறிப்பேட்டில் இடம்பெற்றவர்களே என்று சொன்னால் எவரும் வருந்தமாட்டார்கள்.

இவ்வளவு உயிர்ப்போடு இயங்கிய தெருவுக்கு ஒரு குறை இருந்தது. கடை கடைக்காரருடையது, கட்டடம் வேறொருவருடையது. கீழே கடையும் மேலே குடியிருப்பும் முன்னே அஞ்சடிப் பாதையும் கொண்ட அந்த வரிசைக் கட்டடங்களில், பெரும்பாலான சிறுகடைக்காரர் மாத வாடகைக்கு இருந்தவர்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் பலரிடம் இல்லை. சட்டமும் அதனைக் கட்டாயமாக்கவில்லை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையே பதிவு செய்யப்படவேண்டியது. அதற்குக் குறைந்த வாடகை உடன்பாடு வாய்மொழியாகவும் இருக்கலாம். தந்தை காலத்தில் தொடங்கிப் பேரன் காலம் வரை நீடித்த கடையும், சட்டத்தின் கண்ணில் மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்ட ஒரு வாய்ச்சொல்தான்.

அந்த வாய்ச்சொல்லை அவ்வளவு காலம் காத்து நின்றது இன்னொரு சட்டம். போர் முடிந்த பின் ஏற்பட்ட வீட்டுப் பற்றாக்குறையை முன்னிட்டு, 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகை கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் அதனை நிலைநிறுத்தியது. உரிமையாளர் நினைத்தபடி வாடகையை உயர்த்த முடியாது. நினைத்தபோது வெளியேற்றவும் முடியாது. இச்சட்டத்தின் நிழலில்தான் தையற்காரரும் முடிதிருத்துபவரும் பூக்கட்டுபவரும் நகரின் நடுவிடத்தில் நிலைக்க முடிந்தது. உரிமையாளர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கிடைத்த வாடகை கூரை ஓட்டை அடைக்கவும் போதாமையால் பல கட்டடங்கள் பழுதுபார்ப்பாரின்றிச் சிதைந்தன. குறைந்த வாடகையை ஈடுசெய்ய வேறொரு வழக்கமும் வளர்ந்தது. புதிதாகக் கடைக்கு வருபவர் ஒரு பெருந்தொகையை முன்னதாகக் கொடுக்கவேண்டும். அதற்கு ‘தேநீர்ப் பணம்’ என்று நயமான பெயர். அந்தத் தேநீருக்கு எவரும் பற்றுச்சீட்டு எழுதியதில்லை.

1997-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. இடைக்காலமாகக் கொடுக்கப்பட்ட தவணை 1999 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிந்தது. உலகம் புதிய ஆயிரமாண்டை வாணவேடிக்கையோடு வரவேற்ற இரவில், மலேசியாவின் பழைய நகரங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களும் கடைகளும் தம் பாதுகாப்பை இழந்தன. தேநீர்ப் பணம் கொடுத்திருந்தவர் அதனை யாரிடமும் திரும்பக் கேட்க இயலவில்லை. இச்சட்டம் மிகுதியாகப் பயன்பட்ட நகரம் பினாங்கின் ஜோர்ஜ் டவுன். அதனால் அதன் துயரம் நாடெங்கும் பேசப்பட்டது. எட்டாண்டுக்குப் பின் 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜோர்ஜ் டவுனை உலக மரபுடைமை நகராக அறிவித்தபோது, அம்மரபைச் சுமந்தவர்களில் பலர் அந்நகரின் நடுவிடத்தைவிட்டு ஏற்கெனவே நீங்கியிருந்தனர்.

ஜொகூர் பாருவில் வாடகை ஒன்றே கடைகளை மூடிவிட்டது என்று கூறுவது மிகையாகும். மேசைக்குக் கால் பல. வாடகை என்னும் கால் முறிவதற்கு முன்பே மற்றொரு கால் ஆட்டங்கண்டிருந்தது. தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாயின. ஒருகாலத்தில் மவுண்ட் ஆஸ்டின் என்பது இரப்பர்த் தோட்டத்தின் பெயர். இன்று அப்பெயரைக் கேட்கும் மாணவனுக்கு நினைவில் எழுவது உணவகங்களும் அங்காடிகளும் நிறைந்த புறநகர். பால் மரம் போனதும் சம்பள ஞாயிறும் போயிற்று. தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள் மாசாயிலும் ஸ்கூடாயிலும் உலு திராமிலும் குடியேறினர். அவர்களைத் தொடர்ந்து மளிகைக்கடையும் அங்கே சென்றது. ஆகவே மூடப்பட்ட கடைகள் அனைத்தும் அழிந்தன என்று எண்ணவேண்டா, சில இடம்பெயர்ந்தன. கடைக்காரரின் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்று வேறு தொழிலுக்குச் சென்றதும் ஒரு காரணம். அதனைக் குறையாகச் சொல்வோர் உளர். தம் பிள்ளை தம்மைப் போல் காலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கவேண்டா என்பதே அக்கடைக்காரரின் விருப்பமாக இருந்தது. தமிழ்ப்பள்ளியும் அதற்குத்தான் உழைத்தது.

எஞ்சிய கடைகளுக்குத் துணையாக நின்றது பாலம். 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967-இல் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. 1973-இல் இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கொன்று சமம் என்ற ஏற்பாடு முடிவுற்றது. அதனால் பாலத்தடியில் நாணயமாற்றுக் கடைகள் பெருகின. தமிழ் முஸ்லிம்கள் அத்தொழிலில் பேர்பெற்றனர். சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு ஏற ஏற, அக்கரைத் தமிழர் முடிவெட்டிக்கொள்ளவும் மாவு அரைத்துச் செல்லவும் மாலை வாங்கவும் இக்கரைக்கு வந்தனர். சோதனைச் சாவடியைக் கடந்தவர் இறங்கி நடந்தாலே கடைத்தெருவை அடைந்துவிடலாம். சிறுகடைக்கு விளம்பரம் தேவையில்லை. வழிப்போக்கனின் கால் போதும்.

அந்தக் காலடிதான் அடுத்து வழிமாறியது. 1994-இல் மாநகரத் தகுதி பெற்ற ஜொகூர் பாருவில் பேரங்காடிகள் எழுந்தன. 1999-இல் சிட்டி ஸ்குவேர் திறக்கப்பட்டது. நாற்றமெடுத்த செகெட் ஆற்றை 2000-களின் முற்பாதியில் மூடினர். பின்னர், மூடியது தவறென்று கண்டு, அடுத்த பத்தாண்டில் பெருஞ்செலவில் திறந்து செப்பனிட்டனர். மூடும்போதும் தோண்டல், திறக்கும்போதும் தோண்டல். தகரவேலி அடைத்த சாலையோரத்தில் மாதக்கணக்கில் கடை திறந்து வைத்திருப்பது எத்தகைய தவம் என்பது அதனைச் செய்தவர்க்கே தெரியும். 2006 நவம்பரில் இஸ்கந்தர் மேம்பாட்டு வட்டாரம் தொடங்கப்பட்டது. 2008 டிசம்பரில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடம் என்னும் புதிய சோதனைச் சாவடி இயங்கத் தொடங்கியது. 2010 அக்டோபரில் ஜொகூர் பாரு சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டு, 1909-இன் பழைய நிலையம் ஓய்வு பெற்றது. புதிய சாவடியும் புதிய நிலையமும் பேரங்காடியும் மேம்பாலத்தால் இணைக்கப்பட்டன. வெயில் படாமல், மழை நனையாமல், பயணி ஒரு குளிர்ந்த கட்டடத்திலிருந்து மற்றொரு குளிர்ந்த கட்டடத்துக்குச் செல்லலாம். பயணிக்கு அது நன்மை. அதனை மறுக்க இயலாது. ஆனால் அஞ்சடிப் பாதையில் நடந்த கால்கள் தலைக்குமேலே நடக்கத் தொடங்கின. ஒரு கடையைக்கூட இடிக்காமல் ஒரு கடைத்தெருவை வாடச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பிறகு வந்தது கொள்ளைநோய். 2020 மார்ச் 18 முதல் எல்லை மூடப்பட்டது. தரைவழிப் போக்குவரத்து முழுமையாக மீண்டது 2022 ஏப்ரல் 1-இல்தான். பாலத்தை நம்பிய நகரில் ஈராண்டுக்குப் பாலம் இல்லை. இக்காலத்தில் கட்டட உரிமையாளருக்குக் காத்திருப்பது இயன்றது. மாத வாடகைக்காரருக்குக் காத்திருப்பதற்கும் வாடகை கட்டவேண்டியிருந்தது.

இதற்கிடையே பழைய கட்டடங்களுக்குப் புது மதிப்பு பிறந்தது. 2009-இல் ஜொகூர் பாரு சீன மரபுடைமை அரும்பொருளகம் திறக்கப்பட்டது. ஜாலான் தான் ஹியோக் நீ மரபுடைமைத் தெருவாகப் புத்துயிர் பெற்றது. 1919 முதல் விறகடுப்பில் வாழைப்பழ அணிச்சல் செய்துவந்த ஹியாப் ஜூ ரொட்டிக்கடையின்முன் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்றனர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒரு பழைய கடைக்குப் புகழ் வந்தால், பக்கத்துப் பழைய கட்டடத்துக்கு வாடகை வரும். பெயர்ப்பலகை எழுதியவரும் கடிகாரம் பழுதுபார்த்தவரும் இருந்த மாதிரியான இடங்களில் காப்பியகங்கள் குடிபுகுந்தன. பழமையின் தோற்றத்துக்காகச் சுவரின் பூச்சு உரிந்தபடியே விடப்பட்டது. அதே சுவரைப் பூசுவதற்கு முன்பிருந்தவர் எத்தனை முறை உரிமையாளரிடம் முறையிட்டிருப்பாரோ!

அக்கரையில் இது முன்னரே நடந்து முடிந்தது. சிங்கப்பூரில் தமிழர் ‘செட்டித் தெரு’ என வழங்கிய மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் சாய்மேசையும் வைத்துப் பல நிறுவனங்கள் ஒரே கூரையின்கீழ் வட்டித்தொழில் நடத்தின. 1970-களில் நகரச் சீரமைப்புக்காக அரசு அவ்விடத்தை எடுத்துக்கொண்டது. ஒரு நூற்றாண்டுத் தெரு, சொல்லளவில் நின்றது. சிராங்கூன் சாலையின் கதை சற்று வேறு. லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் கட்டடங்கள் தப்பின. 2001-இல் அங்கும் வாடகைக் கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. பாதுகாப்புச் சட்டம் ஓட்டையும் சன்னலையும் பேசியது. உள்ளே இருப்பவரைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 2010-இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜீப்பும் சேர்ந்து லிட்டில் இந்தியாவைத் தொடங்கிவைத்தனர். வளைவுகள் எழுந்தன, பக்கத்தில் சென்ட்ரலின் கோபுரங்களும் எழுந்தன.

கடைக்கு நேர்ந்ததே குடியிருப்புக்கும் நேர்ந்தது. பினாங்கில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழரின் சிற்றூராகிய கம்போங் புவா பாலாவை 2009-இல் இடித்தனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோம் என்று அம்மக்கள் நீதிமன்றத்தில் வாதிட்டனர். நிலப்பட்டா வேறொருவர் பெயரில் இருந்தது. தலைமுறைகள் எத்தனை என்பது பட்டாவில் எழுதப்படுவதில்லை.

சட்டத்தின் மொழியை மாணவர்கள் ஒருமுறையேனும் உற்றுநோக்குதல் நன்று. 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் இழப்பீடு கோரத்தக்கவர் யார் என்பதற்கு ஒரு வரையறை உண்டு. நிலத்தில் உரிமை கோருவோர் அனைவரையும் உள்ளடக்கிச் செல்லும் அவ்வரையறை, இறுதியில் ஒருவரை மட்டும் விலக்குகிறது: உரிமையாளர் விரும்பும் வரை மட்டும் இருக்கத்தக்க வாடகைக்காரர். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவைக் குறித்து நாடெங்கும் சூடான வாதம் எழுந்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட உரிமையாளரில் எத்தனை விழுக்காட்டினர் இசையவேண்டும் என்பதே அவ்வாதத்தின் மையம். எண்பதா, எழுபத்தைந்தா, ஐம்பத்தொன்றா என்று இரு தரப்பும் வழக்காடின. நாற்பதாண்டு கடை வைத்திருந்த மாத வாடகைக்காரர் எந்த விழுக்காட்டிலும் சேரவில்லை. அவரைச் சேர்க்கவேண்டும் என்ற குரலும் அதிகமாக எழவில்லை.

இப்போது ஜொகூர் பாரு மீண்டும் பாலத்தைப் பார்க்கிறது. 2025 ஜனவரி 7-ஆம் நாள் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல உடன்பாடு கையொப்பமாயிற்று. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். இரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லுமாறு திட்டமிடப்பட்டது. புக்கிட் சாகாரிலிருந்து இராஜமாரியம்மன் கோயில் தொலைவில் இல்லை. கோயில் அசையாது, அதற்குச் சுல்தான் கொடுத்த நிலம் இருக்கிறது. கோயிலைச் சுற்றிப் பூத்தொடுப்போர் எவ்வளவு காலம் அங்கே இருப்பார்கள் என்பது, பக்தர்களின் தொகையைவிடச் சதுர அடிக்கு என்ன வாடகை என்பதைப் பொறுத்தது.

மறைந்த கடைகளின் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு ஆவணம் எங்கே கிடைக்கும்? பட்டாவில் கிடைக்காது. தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களிலும் கோயில் குடமுழுக்கு மலர்களிலும் தீபாவளிச் சிறப்பிதழ்களிலும் கிடைக்கும். அவற்றின் கடைசிப் பக்கங்களில் கால் பக்கம், அரைக்கால் பக்கம் என்று விளம்பரங்கள் இருக்கும்: கடையின் பெயர், உரிமையாளரின் தலைப்பெழுத்து, தெரு, கதவு எண், தொலைபேசி எண், ‘விழாவுக்கு எங்கள் நல்வாழ்த்துகள்’. பத்து வெள்ளி கொடுத்து அந்த இடத்தை வாங்கியவர், பெரும்பாலும் பள்ளிக்கு உதவுவதாக எண்ணித்தான் கொடுத்திருப்பார். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றது. அதன் பழைய இதழ்களிலும் இத்தகைய விளம்பரங்கள் புதைந்துள்ளன. ஆனால் மலர்களைத் தேடிச் செல்வோர் ஒன்றை எதிர்பார்த்தே செல்லவேண்டும். பழைய இதழ்களை அட்டை கட்டும்போது, தேவையற்றவை என்று முதலில் கிழித்துப் போடப்படுபவை விளம்பரப் பக்கங்களே.